ஆகஸ்ட் 1 கணக்கும் சென்னைப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஜூன் மாதமும் மாநகராட்சிப் பள்ளிகளைப் பற்றி இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது என்பது ஒன்று. ஆசிரியர் போதவில்லை என்பது இன்னொன்று. குழந்தைகள் குறைந்தால் ஆசிரியர் எப்படிப் போதாமல் போவார் என்று வாசகர் குழம்புவதில் வியப்பில்லை. சென்னைக் குடும்பங்கள் இடம்பெயர்ந்த விதம், ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கும் முறை, கல்வி வரி என்று நாம் கட்டும் பணத்தின் கணக்கு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். அதனால் கடிதம் சற்று நீள்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 10 மண்டலங்கள் 15 ஆயின. வார்டுகள் 200 ஆயின. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர், வளசரவாக்கம், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகளின் சாலையும் குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. அங்கிருந்த அரசுப் பள்ளிகளில் பல மட்டும் பள்ளிக் கல்வித் துறையிடமே தங்கிவிட்டன. 2022-இல்தான் 139 பள்ளிகள் மாநகராட்சிக்கு மாற்றப்பட்டன. 281 பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்த மாநகராட்சி ஏறத்தாழ 420 பள்ளிகளை நடத்தத் தொடங்கியது.

இடைப்பட்ட அந்தப் பதினோரு ஆண்டுகளிலும் அதற்கு முன்பும் நகரத்து ஏழைக் குடும்பங்கள் எங்கே போயின என்பதுதான் முக்கியம். கண்ணகி நகர் 2000 வாக்கில் உருவானது. அங்கு மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி நிறைந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்தும் கூவம் கரையிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. சிந்தாதிரிப்பேட்டையிலும் ஆயிரம் விளக்கிலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் 20, 25 கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பள்ளிகளில் கட்டடமும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் அப்படியே இருந்தன. போய்ச் சேர்ந்த இடத்துப் பள்ளிகள் வேறு துறையின் கையில் இருந்ததால் பழைய பணியிடம் அவர்களைப் பின்தொடர வழியில்லை. மாநகராட்சி ஆசிரியர்கள் ஒரு பணி அலகு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இன்னொன்று. பணிமூப்புப் பட்டியலும் பதவி உயர்வு வரிசையும் தனித்தனி. ஓர் அலகின் உபரி ஆசிரியரை மற்ற அலகின் காலியிடத்தில் போட முடியாது.

பெரும்பாக்கத்தின் நிலை இன்னும் கடினம். அது மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில், பரங்கிமலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. சென்னைக்குள் வாழ்ந்த குடும்பத்தைச் சென்னையின் தேவைக்காக வெளியேற்றியிருக்கிறோம். ஆனால் சென்னையில் வசூலாகும் கல்வி வரியில் ஒரு ரூபாய்கூட அந்தக் குழந்தையைத் தொடர்ந்து போக முடியாது. மறுகுடியமர்வுத் திட்டம் போடுகிறவர்கள் வீட்டுக்கும் குடிநீருக்கும் மதிப்பீடு தயாரிக்கிறார்கள். எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற பட்டியலும் அதே கோப்பில் இருக்க வேண்டும். வீட்டு ஒதுக்கீட்டு ஆணை வழங்கும் நாளிலேயே பணியிட மாற்ற ஆணையும் வெளிவர வேண்டும். குடும்பங்களைக் கல்வியாண்டின் நடுவில் நகர்த்தினால் பாதிப்பு இரட்டிப்பாகும். ஏன் என்பது பணியிட நிர்ணய முறையைப் பார்த்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். அன்று எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளத்தில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதுதான் கணக்கு. கணக்குக்கு மேல் இருக்கும் ஆசிரியர் உபரி. பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குழந்தைகள் ஓரிடத்தில் நிலையாக இருக்கும் ஊருக்கு இது பொருந்தும். சென்னையில் குடும்பங்கள் ஆண்டு முழுக்க நகர்கின்றன. வாடகை கூடினால் மாறுகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டட வேலை முடிந்தால் ஒடிசா, பிகார், மேற்கு வங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அடுத்த தளத்துக்குப் போகின்றன. ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் ஒரு தெருவே ஒரே வாரத்தில் காலியாகிறது.

அப்படி நகரும் குழந்தையின் எமிஸ் பதிவு என்னவாகிறது? பழைய பள்ளித் தலைமையாசிரியர் அந்தப் பெயரைத் தம் பள்ளியிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகே புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 14-ஆம் பிரிவு வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது என்கிறது. எனவே பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் பிள்ளையின் எமிஸ் எண் வந்து சேராது. எண் இல்லாத பிள்ளைக்குப் பாடநூலும் சீருடையும் கணக்கில் வராது. ஆகஸ்ட் 1 எண்ணிக்கையிலும் அந்தப் பிள்ளை இல்லை. நாற்பது பேர் இருக்கும் வகுப்பு ஏட்டில் முப்பத்திரண்டு பேரோடு நிற்கும்.

பழைய பள்ளி உடனே விடுவிப்பதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் சோம்பல் இல்லை. இரண்டு மூன்று பெயர் குறைந்தாலே ஒரு பணியிடம் பறிபோகும் என்ற நிலையில் சிறு பள்ளிகள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. அதற்கு மேல் 200 வரை 5. 150-ஐத் தாண்டினால் தலைமையாசிரியர் தனி. 62 பெயர் வைத்திருக்கும் பள்ளி ஜூலையில் இரண்டு பெயரை விடுவித்தால் மூன்று ஆசிரியரில் ஒருவர் உபரியாகிவிடுவார். மீதமிருக்கும் இருவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டும். அந்தத் தலைமையாசிரியர் ஆகஸ்ட் 1 தாண்டட்டும் என்று காத்திருந்தால் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தம் பள்ளிக் குழந்தைகளைக் காப்பாற்ற நினைக்கும் நல்ல ஆசிரியரையே ஒரு நடைமுறை இன்னொரு குழந்தைக்கு எதிராக நிறுத்துகிறது என்றால் மாற்ற வேண்டியது அந்த நடைமுறையைத்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். புதிய பள்ளி கோரிக்கை வைத்த ஏழு வேலை நாட்களில் பழைய பள்ளி விடுவிக்காவிட்டால் பெயர் தானாகவே பொதுத் தொகுப்புக்குப் போகும்படி எமிஸ் தளத்தை அமைக்கலாம். ஒரு பணியிடத்தைக் குறைப்பதற்கு ஒரே ஓர் ஆண்டின் எண்ணிக்கையைப் பார்க்காமல் மூன்று ஆண்டுச் சராசரியைப் பார்க்கலாம். கூட்டுவதற்கு மட்டும் அவ்வாண்டின் எண்ணிக்கையே போதும் என்று வைக்கலாம். மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் புலம்பெயர் தொழிலாளர் மிகுந்த வார்டுகளிலும் அரையாண்டு விடுமுறை முடிந்ததும் ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாவது கணக்கெடுப்பு நடத்தி, கூடுதலாக வந்த குழந்தைகளுக்கு ஏற்ப அந்தக் கல்வியாண்டு முடியும்வரை தற்காலிகப் பணியிடம் தரலாம்.

உண்மையான வருகையைச் சரிபார்க்க நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சாப்பிட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பள்ளி நாள்தோறும் பதிவாகிறது. எல்லாக் குழந்தைகளும் சாப்பிடுவதில்லை என்பதால் அது வருகைப் பதிவுக்கு மாற்றாகாது. ஆனால் ஒரு பள்ளியில் மூன்று மாதம் தொடர்ந்து உணவு எண்ணிக்கை எமிஸ் எண்ணிக்கையை மிஞ்சினால், எண் இல்லாத குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். பாதிக்கும் கீழே போனால் பட்டியலில் இருப்பவர்கள் வேறெங்கோ போய்விட்டார்களா என்று உதவிக் கல்வி அலுவலர் நேரில் பார்க்க வேண்டும். 1920-இல் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிய காலத்திலிருந்தே, இந்நகரத்தில் சோறும் சேர்க்கையும் சேர்ந்தே வந்திருக்கின்றன. இரண்டு பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

அடுத்தது சராசரி என்ற சிக்கல். ஆசிரியர்–மாணவர் விகிதம் சட்டப்படி இருக்கிறது என்று அறிக்கைகள் சொல்கின்றன. மாநகராட்சி முழுவதையும் கூட்டி வகுத்தால் அப்படித்தான் வரும். எடுத்துக்காட்டுக்கு, 60 குழந்தைக்கு 5 ஆசிரியர் இருக்கும் பள்ளியையும் 540 குழந்தைக்கு 13 ஆசிரியர் இருக்கும் பள்ளியையும் சேருங்கள். 600 குழந்தைக்கு 18 பேர்; ஒருவருக்கு 33. ஏட்டில் குறையே தெரியாது. முதல் பள்ளியில் ஒருவருக்கு 12 பேர், இரண்டாவதில் 41 பேருக்கு மேல். சட்டத்தின் 25-ஆம் பிரிவு இந்த விகிதம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. மாநகராட்சி அளவிலான சராசரி அந்தப் பிரிவை நிறைவேற்றாது. 26-ஆம் பிரிவு ஒரு பள்ளியில் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. எட்டு பணியிடமுள்ள நடுநிலைப் பள்ளியில் ஒரே ஓர் இடம் காலியானாலும் 12.5 விழுக்காடு. அதாவது, பத்துக்கும் குறைவான பணியிடம் உள்ள எந்தப் பள்ளியிலும் ஓர் இடம்கூடக் காலியாக இருக்கச் சட்டம் இடம் தரவில்லை. நம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எத்தனையோ இந்த வரிசையில்தான் வரும்.

இதே கணக்குக்குள் தமிழ் வழி, ஆங்கில வழி என்ற பிரிவும் இருக்கிறது. தனியார் நர்சரிப் பள்ளிகளோடு போட்டியிட ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. பெற்றோர் கேட்டார்கள், தொடங்கியதில் தவறில்லை. பணியிடம் மட்டும் மொத்தத் தலைக்கணக்கிலேயே நின்றுவிட்டது. 62 குழந்தைகள், ஐந்து வகுப்பு, இரண்டு வழி என்றால் பத்துப் பிரிவு. ஆசிரியர் மூவர். ஒரே அறையில் ஒரே ஆசிரியர் இரண்டாம் வகுப்புக்குத் தமிழில் கணக்கும் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் சூழ்நிலையியலும் நடத்துகிறார். இதற்கு நடுவே எண்ணும் எழுத்தும் திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்க வேண்டும். வங்க மொழி பேசும் வீட்டிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுமி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்படுகிறாள்; சட்டமும் அதைத்தான் கேட்கிறது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு அவளுக்குச் சிறப்புப் பயிற்சியையும் உறுதியளிக்கிறது. அந்தப் பயிற்சியைத் தர நான்காவது ஒருவர் பள்ளியில் இல்லை. உருதும் தெலுங்கும் பயிற்றுமொழியாக இருந்த மாநகராட்சிப் பள்ளிகளைப் பார்த்த நகரம் இது. பன்மொழிக் குழந்தைகளை ஏற்றுக்கொள்வது நமக்குப் புதிதில்லை. தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பதைக் குறைந்த அளவாக வைத்து, அதற்கு மேல் விகிதத்தைக் கணக்கிட்டால்தான் இந்தப் பள்ளிகள் மூச்சுவிட முடியும்.

எந்த வகுப்பில் எத்தனை மாணவர் சேர்கிறார்கள் என்பதும் மாறிவருகிறது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உயர்கல்வி படிப்போருக்கு மாதம் 1,000 ரூபாயைக் கொண்டுவந்தன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை விதி. மாநகராட்சிப் பள்ளிகளும் அதில் அடங்கும். எனவே ஐந்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிய பெற்றோருக்கு ஆறாம் வகுப்பில் பிள்ளையை இங்கே கொண்டுவர வலுவான காரணம் இருக்கிறது. தொடக்க வகுப்புகளிலோ பிறப்பு விகிதச் சரிவின் தாக்கம் தெரிகிறது; 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.4. தொடக்க வகுப்பில் எண்ணிக்கை குறைவதைக் கண்டு பெற்றோர் பள்ளியைக் கைவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. ஆறாம் வகுப்பில் புதிதாக வருபவர்களுக்கு அறிவியலும் கணக்கும் நடத்தப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்க்காமல் சேர்க்கை விழா நடத்துவதும் அதே அளவு தவறு. இவர்களில் பலர் ஆங்கில வழியில் படித்து வருகிறவர்கள். இயற்பியல் படித்த ஒரே அறிவியல் ஆசிரியர் இரு வழிகளிலும் உயிரியலையும் சேர்த்து நடத்தும் பள்ளியில் அவர்கள் எட்டாம் வகுப்பைத் தாண்டுமுன் நம்பிக்கை இழந்துவிடக்கூடும்.

நகர மையத்தில் எண்ணிக்கை மெலிந்த பள்ளிகளை மூடி இணைக்கலாம் என்று அவ்வப்போது யோசனை எழுகிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சென்னையில் அந்த ஒரு கிலோமீட்டரில் ஒரு மேம்பாலமும் இரண்டு சிக்னலும் ஒரு ரயில் பாதையும் வந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கடக்கும் தூரமில்லை அது. இணைத்தால் அந்தப் பிள்ளை அடுத்த தெருவின் தனியார் பள்ளிக்கோ, வீட்டு வேலைக்குப் போகும் தாயோடோதான் போகும். மூன்று பள்ளிகளுக்கு ஒரு கலை ஆசிரியர், ஓர் உடற்கல்வி ஆசிரியர், ஒரு சிறப்பாசிரியர் என்று பகிர்ந்துகொள்ளலாம். பள்ளியைப் பூட்ட வேண்டாம்.

இனி பணம். பெருநகர சென்னை மாநகராட்சியின் அரையாண்டுச் சொத்துவரியில் பொது வரியோடு கல்வி வரியும் அடங்கியிருக்கிறது. இதன் வேர் 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. 2022-இல் சொத்துவரி உயர்ந்தது. பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடி வரையான வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேல் 150 விழுக்காடு. 2024 அக்டோபரில் மேலும் 6 விழுக்காடு. வரி உயர்ந்தால் அதற்குள் இருக்கும் கல்விப் பங்கும் உயர்ந்திருக்க வேண்டும். அது எவ்வளவு, எந்த மண்டலத்தில் எவ்வளவு வசூலாகி எந்த மண்டலத்தில் எவ்வளவு செலவானது என்று வரி கட்டுகிறவர் பார்க்க முடிவதில்லை. நிதிநிலை அறிக்கையில் தொடக்கக் கல்வி நிதி தனித் தலைப்பாக வருகிறது. அந்த மொத்தத்துக்குள் ஆசிரியர் ஊதியம் எவ்வளவு, ஓய்வூதியம் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு என்று பள்ளிவாரியாகப் பிரித்து வெளியிட்டால்தான் பேச முடியும். தொடக்கக் கல்விக்கென வசூலிக்கும் வரியை வைத்துக்கொண்டு மாநகராட்சி பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்துகிறது. நடத்த வேண்டியதுதான். மேல்வகுப்புச் செலவில் மாநில அரசின் பங்கு என்ன என்பது அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒருமுறைச் செலவுக்குப் பணம் கிடைப்பதும் தொடர்செலவுக்குக் கிடைக்காமல் போவதும்தான் இந்த நகரின் பள்ளி நிதியில் அடிப்படைக் குறை என்று நான் கருதுகிறேன். பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு சிட்டிஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் 28 பள்ளிகள் சுமார் 95 கோடி ரூபாயில் மேம்படுத்தப்பட்டன. வரவேற்கத்தக்கது. ஆனால் திறன் பலகைக்குப் பிந்தைய செலவு என்று ஒன்று உண்டு. மின்தடை தாங்கும் பேட்டரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தபின் சிறு பழுதுக்கும் ஆள் வராது. இணையக் கட்டணம் யார் கட்டுவது என்று கோப்பு சுற்றும். கட்டடத்தைத் திட்ட நிதியில் கட்டலாம். முப்பது ஆண்டு ஊதியம் பெறும் ஆசிரியரை நியமிக்க நிலையான வருவாய் வேண்டும். கல்வி வரி அப்படிப்பட்ட வருவாய்.

பள்ளியின் அன்றாடச் செலவுக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 மாணவர் வரை 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். 31 பேர் படிக்கும் பள்ளிக்குத் தலைக்கு 800 ரூபாய்க்கு மேல் வருகிறது. 1,000 பேர் படிக்கும் பள்ளிக்கு 75 ரூபாய். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குச் செலவிட வேண்டும். 75,000-இல் 7,500. மாதத்துக்கு 625 ரூபாய். ஆயிரம் பிள்ளைகள் பயன்படுத்தும் கழிப்பறைகளுக்குப் பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், உடைந்த குழாய் எல்லாம் இந்த 625-க்குள் அடங்குமா? பெண் குழந்தைகள் தண்ணீர் குடிக்காமல் மாலை வரை அடக்கிக்கொண்டிருப்பது இங்கிருந்து தொடங்குகிறது. மறுகுடியமர்வுப் பகுதிகளின் பெரிய பள்ளிகள்தான் இந்த அட்டவணையில் அதிகம் இழப்பவை. மத்தியத் திட்டத்தின் அடுக்குகளை மாநகராட்சி மாற்ற முடியாது. 250 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குக் கல்வி வரியிலிருந்து தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் பராமரிப்பு நிதி தருவதற்கு மாமன்றத் தீர்மானம் போதும்.

அந்த மத்திய நிதியும் நின்றுபோனதை எல்லோரும் அறிவோம். 2024–25-க்கு ஒப்புதலான 3,586 கோடியில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று அது நிறுத்தப்பட்டது; தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. அரசியல் வாதங்களுக்குள் நான் போகவில்லை. இந்தத் திட்டத்தில் தொகுப்பூதியம் பெறுகிறவர்கள் யார் என்று மட்டும் சொல்கிறேன். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், இயன்முறை மருத்துவர்கள், வட்டார வளமைய ஊழியர்கள். தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற சிறப்பாசிரியர் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் வகுத்தது. 2025 மார்ச்சில் நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்க மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஒன்றிய நிதி வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பணியிடங்களை முறையான ஊதிய ஏற்றமுறைக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

காலிப் பணியிடங்கள் எதிர்பாராமல் உருவாவது அரிது. ஓய்வு வயது 60. ஒவ்வோர் ஆசிரியரும் என்று ஓய்வுபெறுவார் என்பது பணிப் பதிவேட்டில் முதல் நாளே எழுதப்பட்டிருக்கிறது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வுபெறுகிறவருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. எனவே ஓராண்டின் காலியிடங்கள் ஏறத்தாழ எல்லாம் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒன்றாகத் திறக்கின்றன. ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை விட்டு, தேர்வு நடத்தி, விடைக்குறிப்பு மீதான வழக்குகளைத் தாண்டிப் பட்டியல் தர ஓராண்டுக்கு மேலாகிறது. ஜூனில் காலியாகப்போகும் இடத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டின் ஜனவரியிலேயே தேவைப் பட்டியல் போக வேண்டும் என்பது எளிய கணக்கு. காலியான பிறகு பட்டியல் தயாரித்தால் இரண்டு கல்வியாண்டுகள் வீணாகும். இடைவெளியைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை நியமித்து அடைக்கிறார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய் என்று ஊதியம். சென்னையில் அறை வாடகையும் பேருந்துச் செலவும் போக இதில் என்ன மிஞ்சும்? இயற்பியலிலும் வேதியியலிலும் பட்டம் பெற்றவர் நீட் பயிற்சி மையத்துக்குப் போய்விடுகிறார். நகரத்துக்கென வீட்டு வாடகையைக் கணக்கில் எடுத்த தனித் தொகை வேண்டும்.

இதில் புதிதாகச் சேர்ந்திருப்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும், பதவி உயர்வுக்கும் அது கட்டாயம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி உயர்வு நின்றால் தலைமையாசிரியர் இடம் காலியாகிறது. மூத்த ஆசிரியர் பொறுப்புத் தலைமையாசிரியராகிறார். அவருடைய வகுப்பு ஆளில்லாமல் போகிறது. மறுசீராய்வு மனுக்களின் போக்கு எதுவானாலும் சனி, ஞாயிறுகளில் மண்டலந்தோறும் பயிற்சி வகுப்பு நடத்துவதை யாரும் தடுக்கவில்லை.

தேர்தல் பணிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆசிரியரை அனுப்பக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே இடமளிக்கிறது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு ஆசிரியர்களும் போனார்கள். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நேரடிக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில், பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வருகிறது. நான்கு ஆசிரியருக்கும் குறைவான பள்ளியிலிருந்து யாரையும் எடுக்கக் கூடாது, பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பாட ஆசிரியரை எடுக்கக் கூடாது என்ற விதியை மாநகராட்சி ஆணையர் இப்போதே வகுத்துக்கொள்ளலாம்.

மாமன்றத்தில் கல்விக்கென நிலைக்குழு இருக்கிறது; 200 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். 2024-இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொன்றிலும் 24 உறுப்பினர்கள், பெரும்பாலோர் பெற்றோர், தலைவரும் பெற்றோரே. உள்ளாட்சி உறுப்பினருக்கும் அதில் இடமுண்டு. அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்க வேண்டியது ஒரு பக்கத் தாள்தான். வகுப்புவாரி, வழிவாரி மாணவர் எண்ணிக்கை. எமிஸ் எண் வராத குழந்தைகள். கடந்த மூன்று ஆகஸ்ட் 1 கணக்குகள். அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரந்தர ஆசிரியர், தற்காலிக ஆசிரியர், காலியிடம், மாற்றுப்பணியில் வெளியே இருப்பவர். அடுத்த இரண்டு ஆண்டில் ஓய்வுபெறுவோர். அவ்வாண்டு வந்த மானியமும் கல்வி நிதியிலிருந்து செலவான தொகையும். இதில் முக்கால் பங்கு விவரம் தலைமையாசிரியரிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதியை மண்டல உதவிக் கல்வி அலுவலரும் மாநகராட்சி நிதிப்பிரிவும் தர வேண்டும். அதைப் பள்ளி வாசல் பலகையில் ஒட்டி, ஒரு படியை வார்டு அலுவலகத்துக்கு அனுப்பினால், டிசம்பரில் தயாராகும் அடுத்த ஆண்டு நிதிநிலை மதிப்பீட்டுக்குள் அந்தந்தப் பள்ளியின் தேவையைச் சேர்க்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை – 11